கம்பெனிக் கம்பத்தில் என் வேட்டி

போன வாரம் பழவேற்காட்டுப் பக்கம், பக்கிங்காம் கால்வாய்க் கரையில், ஒரு நடுத்தர வயது ஆள் இடுப்பில் வெறும் துண்டோடு கத்திக்கொண்டே ஓடினான் என்று யாராவது உங்களிடம் சொன்னார்களா?

சொல்லியிருந்தால் நம்புங்கள். அது நான்தான்.

வாரம் தவறாமல் இந்தப் பக்கத்தில் வாயடிக்கிறவன் நேரிலும் அப்படித்தான் இருப்பான் என்று உங்களில் பல பேர் நினைக்கிறீர்கள். இல்லை. காகிதத்தில்தான் எனக்கு வாய். நேரில்... ஓட்டல் காபியில் சர்க்கரையே இல்லை என்றாலும் குடித்துவிட்டு எழுந்து வருகிற ரகம். பத்தாவதோடு படிப்பு நின்றதற்குக்கூட, வாத்தியாரிடம் சந்தேகம் கேட்கக் கூச்சப்பட்டதுதான் காரணம் என்று என் மனைவி சரோஜா சொல்வாள்.

இப்படிப்பட்டவனுக்கு லீவில் எங்கே போகப் பிடிக்கும்? ஆள் இல்லாத இடத்துக்கு. பழவேற்காட்டில் வியாபாரம் செய்கிற இபுராகிம் பாய் அப்படி ஓர் இடம் வைத்திருந்தார்.

"கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவுல பங்களா, சார். மெட்ராஸ்காரங்க ஊட்டி, கொடைக்கானல்னு அலையறாங்க. இங்க இம்மாம் பெரிய கடலு சும்மா கெடக்குது. பேஜாரே கெடையாது. நாஷ்டா நம்ம ஊட்லேர்ந்து வந்துடும்."

பங்களா என்று அவர் சொன்னது இரண்டு அறை ஓட்டு வீடு. ஒரு காலத்தில் கிளிஞ்சல் கம்பெனியின் ஆபீஸ். சுண்ணாம்புக்காக உப்பங்கழியில் பள்ளம் பள்ளமாகத் தோண்டி, கிளிஞ்சல் அள்ளி, படகு படகாக அனுப்பிக்கொண்டிருந்தார்களாம். பிறகு வேறெங்கோ இதைவிட நல்ல கிளிஞ்சல் கிடைத்ததும் கம்பெனி கிளம்பிவிட்டது. பள்ளங்களும் ஊரும் மிச்சம். காலி ஆபீஸை பாய் வாங்கி, இரண்டு கட்டில் போட்டு, ஜன்னலுக்கு நீலப் பெயின்ட் அடித்து, பங்களா ஆக்கிவிட்டார். கிளிஞ்சல் எடை போட்ட கொக்கி மட்டும் உத்தரத்தில் அப்படியே தொங்குகிறது. சரியாகக் கட்டிலுக்கு மேலே. படுத்தால், நாளைக்கு நம்மையும் நிறுக்கப் போகிறார்கள் என்று தோன்றும்.

போன அன்று சாயங்காலம் கடலைப் பார்க்கிற ஆசையில் ஒரு பழைய பள்ளத்தில் இறங்கிவிட்டேன். முழங்காலுக்கு மேல் சேறு. துடைத்துக்கொண்டு வேறு வேட்டி கட்டிக் கால்வாய்ப் பக்கம் போனேன். அங்கேயும் ஒரு பள்ளம். கொண்டுபோனதே இரண்டு வேட்டி. மறுநாள் காலையில் ஒன்று பக்கெட்டில் ஊறிக்கொண்டிருந்தது. இன்னொன்றைத் துவைத்து உலர்த்த சரோஜா இடம் தேடினாள்.

"தாழக் கட்டினா மண்ணு அப்பிக்குது. வாசல்ல கம்பம் இருக்குது, கயிறு இருக்குது. மேல ஏத்திட்டா அரை அவர்ல காஞ்சிடும்."

ஏற்றினாள். நல்ல கடல் காற்று. வேட்டி படபடவென்று பறந்தது. உள்ளே துண்டைக் கட்டிக்கொண்டு, சட்டை மட்டும் போட்டுக்கொண்டு, பாய் வீட்டு ஆப்பத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

வாசலில் பேச்சுக் குரல் கேட்டது.

ஜன்னல் வழியாகப் பார்த்தால்... இருபது பேராவது இருப்பார்கள். ஆணும் பெண்ணுமாக, தலையில் கூடை கூடையாகக் கிளிஞ்சல். வரிசையாக இறக்கி வைத்துவிட்டு வெற்றிலை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

கதவைக் கொஞ்சம் திறந்து தலையை மட்டும் நீட்டினேன். துண்டோடு வேறு எதை நீட்டுவது?

முன்னால் நின்ற அம்மாள் பெயர் அஞ்சலை. ஆரம்பித்ததே அவள்தான்.

"இன்னா சார், ஒரு வார்த்தை சொல்லாம வந்துட்டீங்க? நல்லவேள நான் துணியப் பாத்தேன். ஊட்டாண்ட குமிச்சு வெச்சிருந்தது அப்படியே கெடந்துச்சு, தூக்கிக்கினு ஓடியாந்தோம்."

எந்தத் துணி? அவள் கை போன பக்கம் பார்த்தேன். என் வேட்டி.

விஷயம் இதுதான். ஊர்க்காரர்கள் குடியிருப்பது கழிக்கு அக்கரையில். தினமும் சுமையோடு கழியைக் கடந்து வந்து, எடை போட்டுக் கணக்கெழுதும் ரைட்டர் இல்லை என்று திரும்பிப் போக முடியுமா? அதனால் கம்பெனி ஒரு வழக்கம் வைத்திருந்தது. ரைட்டர் வந்து உட்கார்ந்துவிட்டால் கம்பத்தில் வெள்ளைத் துணி ஏறும். ஏறினால் வேலை உண்டு. இல்லாவிட்டால் இல்லை. வருஷக்கணக்கில் அந்தக் கம்பத்தைப் பார்த்து எழுந்த ஊர். கம்பெனி போன பிறகு முதல் முறையாக அதில் துணி பறக்கிறது.

"நீங்கதான் புது ரைட்டரா?" என்றாள் அஞ்சலை.

இல்லை என்று சொல்ல வேண்டியதுதானே? இருபது பேர் என் முகத்தையே பார்க்கிறார்கள். ஒரு சிரிப்பு சிரித்தேன்.

கூச்சக்காரனுடைய சிரிப்பை ஊர் எப்போதும் 'ஆமாம்' என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

"கூச்சப்படறாரு. புது ஆளு இல்ல?" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

அதற்குள் கால்வாய்ப் பக்கமிருந்து ஒருவன் மூச்சு வாங்க வந்தான். தலையில் ஒரு மூட்டை, கையில் ஒரு பானை. பின்னாலேயே அவன் மனைவி கன்னியம்மாள், இடுப்பில் குழந்தை.

"முனுசாமி, நீ இன்னும் போவலியா?" என்றாள் அஞ்சலை.

"போயிருப்பேன் அக்கா. படகுல ஏறிக் குந்திட்டோம். கன்னிம்மாதான் துணியப் பாத்துட்டு எறங்கு எறங்குன்னா." என்னைப் பார்த்துக் கும்பிட்டான். "உப்பளத்து மேஸ்திரி இன்னிக்கு இந்தப் படகுல வர்ற ஆளத்தான் எடுக்கிறேன்னு சொல்லியனுப்பினாரு சார். அது கெடக்கட்டும். சொந்த ஊர்லயே வேல இருக்கசொல்ல உப்பளம் எதுக்கு?"

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். சரோஜா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க, சொல்லிட்டீங்களா?"

"சொல்லத்தான் போறேன். எப்படி ஆரம்பிக்கறதுன்னு..."

"இன்னாத்த ஆரம்பிக்கறது? உங்க வேட்டியால ஒரு குடும்பத்துக்கு வேல போவுது. படகு கெளம்பிட்டா அந்த ஆளு இன்னா பண்ணுவாரு? நீங்க போறீங்களா, நான் போகட்டா?"

அன்பர்களே, பெரியோர்களே... என்று மனசுக்குள் ஒரு வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தேன். அப்போது பின் ஜன்னலில் பார்த்தால், கால்வாயில் படகு பாய் விரித்துவிட்டது. நல்ல காற்று என்று சொன்னேன் அல்லவா? என் வேட்டியைப் பறக்கவிட்ட அதே காற்று படகையும் தள்ளிக்கொண்டு போகிறது.

பிறகு நடந்ததை நான் திட்டமிடவில்லை. பின் கதவு வழியாக ஓடினேன். மண்ணில் கால் புதைகிறது. ஒரு கை துண்டில், ஒரு கை ஆகாசத்தில்.

"நிறுத்துங்க. ஆள் ஏறணும். நிறுத்துங்கய்யா."

அது என் குரல்தானா? எனக்கே சந்தேகம். நாரைக் கூட்டம் ஒன்று எழுந்து பறந்தது.

படகில் இருந்தவர்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள். "யாருப்பா அது, வேட்டியில்லாம ஓடியாறாரு?" என்று ஒரு குரல். "கள்ளன் கிள்ளன் தொரத்தறானா?" என்று இன்னொன்று. கத்திக்கொண்டே ஓடினேன். கடைசியில் படகோட்டிக்கு இரக்கம் வந்து பாயை இறக்கினான்.

திரும்பினால், மொத்தக் கூட்டமும் என் பின்னால் ஓடி வந்திருக்கிறது. முன்னால் முனுசாமி.

"அது என் வேட்டி," என்றேன். "காயப் போட்டது. நான் ரைட்டர் இல்ல. கம்பெனி வரல. நீ போய் ஏறு."

முனுசாமி என்னைப் பார்த்தான். தூரத்தில் கம்பத்தைப் பார்த்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"இத அப்பவே சொல்லியிருந்தா கரையிலேர்ந்து காலு நனையாம ஏறியிருப்பேனே சார்."

"விடுய்யா," என்றாள் கன்னியம்மாள், குழந்தையைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டே. "நமக்காக ஒரு மனுசன் துண்டோட ஓடியாந்துக்கீறாரு. உப்பளத்துல போய்ச் சொன்னா ஒருத்தன் நம்ப மாட்டான்."

இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நடந்தார்கள். படகில் இருந்தவர்கள் பானையை வாங்கினார்கள், மூட்டையை வாங்கினார்கள், குழந்தையை வாங்கினார்கள். பாய் மறுபடி விரிந்தது. போய்விட்டார்கள்.

மற்றவர்கள் என்ன சொல்லப் போகிறார்களோ? கிளிஞ்சலைச் சுமந்து வந்தவர்கள் ஆயிற்றே. ஆரம்பித்தது அஞ்சலைதான்... சிரிக்க. அவள் சிரிக்க, கூட்டமே சிரித்தது.

"நானும் பாத்தேன், கம்பெனிக்காரன் கரை வெச்ச துணியா ஏத்துவான்னு," என்றார் ஒரு பெரியவர்.

"இப்ப சொல்லு. கூடையத் தூக்கிக்கினு மொத ஆளா வந்தது நீதான?" என்றாள் அஞ்சலை.

கூடையைத் திருப்பிச் சுமக்க யாருக்கும் மனசில்லை. நான் சேற்றில் விழுந்த கதையை சரோஜா சொல்ல, அஞ்சலையின் யோசனைப்படி கடல் பக்கத்துப் பள்ளத்தில் ஒவ்வொருவராக வந்து கொட்டினார்கள். "ரைட்டர் சார் மறுபடி வுழக்கூடாது" என்று ஒவ்வொரு கூடைக்கும் ஒரு பேச்சு. சரோஜா எல்லாருக்கும் காபி போட்டாள். நான் டம்ளர் எடுத்துக் கொடுத்தேன். கிளம்பும்வரை அந்த ஊரில் எனக்குப் பெயர் ரைட்டர்தான். இதற்குள் இபுராகிம் பாய், 'பங்களாவுக்கு வழி போட்டாச்சு' என்று அடுத்த ஆளிடம் வாடகையை ஏற்றிச் சொல்லியிருப்பார்.

தனக்காக என்றால் எழும்பாத குரல், அடுத்தவருக்காக என்றால் எங்கிருந்தோ வந்துவிடுகிறது. இனிமேல் நான் வேறு ஆள் என்று திரும்பி வரும் பஸ்ஸில் சரோஜாவிடம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

எங்கள் ஸ்டாப் வந்தது. பஸ் நிற்கவில்லை. கண்டக்டர் ஏதோ யோசனையில் இருந்தார். சரோஜா என்னைப் பார்த்தாள்.

அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வந்தோம்.