கெளுத்திக் குஞ்சுகளுக்கு இரண்டு நாள் பட்டினி

போன வாரம் நானும் என் மனைவியும் ஐந்நூறு உயிர்களைக் கொல்லப் பார்த்தோம். அதுவும் அன்பாக!

பட்டாபிராமில் எங்கள் ஃப்ளாட்டுக்குப் பின்னால் ராணியக்கா வீடு. விற்றது போக மிஞ்சிய நிலத்தில் சிமென்ட் தொட்டி கட்டி, முதல்முறையாக நாட்டுக் கெளுத்திக் குஞ்சுகள் விட்டிருக்கிறார். மகளுக்குப் பிரசவம் என்று திருத்தணிக்குக் கிளம்பும்போது அவற்றை என்னிடம் ஒப்படைத்தார்.

"காலீல ஒரு கை, சாயங்காலம் ஒரு கை தீனி. அவ்ளோதான் சார். மேல போடாத."

ஒரு கையா? பச்சைப் பிள்ளைகளுக்கு அது எந்த மூலைக்கு? நான் இரண்டு கை போட்டேன். நான் எழுத உட்கார்ந்ததும் என் மனைவி, "பாவம், பசிக்குமே" என்று தன் பங்குக்கு... எனக்குத் தெரியாமல்.

மூன்றாம் நாள் காலை, குஞ்சுகள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. எங்களைத்தான் தேடுகின்றன என்று பூரித்துப்போய், வீடியோ எடுத்து ராணியக்காவுக்கு அனுப்பினேன்.

அடுத்த நிமிடமே போன்.

"இன்னா சார் பண்ணி வச்சிகீற? அதுங்க மூச்சு உட முடியாம மேல வந்துகினு கீதுங்க! எவ்ளோ தீனி போட்ட?"

சொன்னேன். பக்கத்திலிருந்து மனைவியும் சொன்னாள். மறுமுனையில் ராணியக்கா தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

தின்றது போக மிச்சத் தீனி அடியில் அழுகி, கழிவும் சேர்ந்து, தண்ணீரையே விஷமாக்கியிருந்தது. குனிந்து முகர்ந்தால் குப்பென்று நாற்றம். மூன்று நாளாக என் மூக்கு எங்கே போயிருந்தது?

அவர் சொல்லச் சொல்லச் செய்தோம். ஹோஸ் வைத்து அடிக்கசடை உறிஞ்சி, கால்வாசித் தண்ணீரை இறக்கினோம். "கொயா தண்ணி வாணாம் சார், குளோரின் மருந்து கலந்திருக்கும். டிரம்ல போர் தண்ணி புடிச்சி வச்சிகீறேன், அத்த மெதுவா ஊத்து." ஊற்றினோம். முப்பது குஞ்சுகள் போல செத்து மிதந்தன. நானே அள்ளினேன். அழுகை வந்துவிட்டது — சொல்ல என்ன வெட்கம்?

கடைசி உத்தரவுதான் கஷ்டம். "ரெண்டு நாளிக்கி ஒண்ணும் போடாத. பட்டினி கெடந்தா சாவாது."

விருந்தாளி 'போதும்' என்றால் நாம் என்றைக்காவது நம்பியிருக்கிறோமா? இலையைக் கையால் மறைத்தாலும் விரலிடுக்கில் சாம்பார் ஊற்றுகிற ஆட்கள்! நாங்களும் அந்த ஜாதிதான். கையைக் கட்டிக்கொண்டு நின்றோம் என்பதைவிட, ஒருவரை ஒருவர் காவல் காத்தோம் என்பதே உண்மை.

பட்டினி முடிந்த மறுநாள் காலை, பயந்துகொண்டே எட்டிப் பார்த்தோம். நாற்றம் இல்லை. மேலே ஒரு குஞ்சுகூட இல்லை... எல்லாம் அடியில் சுறுசுறுப்பாக மேய்ந்துகொண்டிருந்தன.

வெறும் தண்ணீரைப் பார்த்து நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.