அத்தைக்குக் கூசவில்லை

பட்டுச்சேலை எடுக்கப் போகும்போது மாப்பிள்ளையின் அம்மா கூட வருவது எங்கள் பக்கத்து வழக்கம். பல்லை வெள்ளையாக்கப் போகும்போதும் கூட வருவார்கள் என்பது எனக்குச் சம்பந்தம் பேசி முடித்த பிறகுதான் தெரிந்தது. போட்டோ எடுக்கிறவன், ஆல்பத்தில் பொண்ணுக்குப் பல் மஞ்சளாகத் தெரியும் என்று சொன்னானாம். அவன் சொன்னானோ, எனக்கு அத்தையாக வரப்போகிற இந்த அம்மாவே சொன்னாரோ. என் பல்லைப் பற்றி ஒரு வீடே கூடி உட்கார்ந்து பேசியிருக்கிறது.

எனக்குப் பல் கூச்சம் உண்டு. கீழ்வரிசையில் ஈறு இறங்கியிருக்கிறது. ஐஸ் தண்ணீர் பட்டால் மண்டைக்குள் ஏறும். இதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். துறைமுகத்துப் பக்கம் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் எனக்கு வேலை. நாள் முழுக்க லாரிக்காரர்களிடம் போனில் கத்துகிறவள் நான். ஆனால் கிளம்பும்போது அம்மா, "நிச்சயம் முடியுத வரைக்கும் அவங்க முன்னால வாயத் தொறக்காதளா" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். பல் ஆஸ்பத்திரிக்குப் போகிறவளிடம் சொல்கிற பேச்சா இது?

டாக்டர் என் வயசுப் பெண். "ஜில்லுனு ஏதாவது குடிச்சா பல்லு கூசுமா?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணும் கூசாது டாக்டர். எங்க வீட்டுக்கு வரப்போற பிள்ளை" என்று அத்தை பதில் சொன்னார். அவர்கள் வீட்டுக்கு வரப்போகிற பல் கூசாது போலிருக்கிறது.

"கூச்சம் இருந்தா முதல்ல அதுக்கு ஒரு பேஸ்ட் தாரேன். கொஞ்ச நாள் கழிச்சுப் பண்ணிக்கலாம்."

"வார ஞாயித்துக்கிழமை நிச்சயம்லா" என்றார் அத்தை. நான் மண்ணாந்தை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பல்லின் நிறம் பார்க்க டாக்டர்கள் ஒரு அட்டை வைத்திருக்கிறார்கள். மஞ்சளில் தொடங்கி வெள்ளை வரை வரிசையாகப் பொய்ப்பற்கள். அத்தை அதைக் கையில் வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார். ஜவுளிக்கடையில் சேலையை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பார்ப்பார்களே, அதே பார்வை. "லைட்டுல பாத்தா ஏமாத்தும். இதுக்கு மேல வெள்ளை இல்லையா டாக்டர்? நம்ம ஊரு உப்பு கணக்கா?"

"அவங்க பல்லுக்கு ரெண்டு மூணு ஷேடுதான் ஏறும்மா."

அத்தைக்கு முகம் சுருங்கிப்போனது. ஸ்டாக் இல்லை என்று சொன்ன கடைக்காரனை முறைப்பதுபோல டாக்டரை முறைத்தார்.

பிறகு உதட்டை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கிற ஒரு பிளாஸ்டிக்கை என் வாயில் மாட்டினார்கள். ஈறில் பசை, பல்லில் மருந்து, அதற்கு மேல் நீல விளக்கு. கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் கீழ்ப்பல் ஒன்றில் சுரீரென்று இழுத்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

"கூசுதா?" என்றாள் டாக்டர்.

"ஆ... ஆ..." என்றேன். அப்படிக் கிழித்துப் பிடித்த வாயில் வேறென்ன வரும்?

"கூசலன்னு சொல்லுதா" என்றார் அத்தை. அவ்வளவு படித்தவள் அதை நம்பி அடுத்த சுற்று மருந்தை வைத்தாள். வாய் என் முகத்தில்தான் இருந்தது. பேச்சு மட்டும் நாற்காலிக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது. எனக்குப் பல்வலியைவிட எரிச்சல்தான் அதிகமாக இருந்தது.

"ரெண்டு நாளைக்கு டீ, மீன் குழம்பு, கலர் சோடா, ஐஸ் எதுவும் வேண்டாம்" என்று சொல்லித்தான் டாக்டர் அனுப்பினாள். அத்தை பெரிதாகத் தலையாட்டிவிட்டு, நேராக அவர்களுடைய பாத்திரக்கடைக்கு என்னைக் கூட்டிப்போனார். வரப்போகிற மருமகள் முதல் தடவை கடைப்படி ஏறினால் கலர் கொடுக்காமல் அனுப்பக் கூடாதாம். ஐஸ் பெட்டியிலிருந்து சிவப்புக் கலர் வந்தது. நான் தயங்கினேன். "ஒரு மடக்காவது குடிளா, இல்லாட்டி குறையாப் போயிரும்" என்றார். குடித்தேன். கீழ்வரிசை முழுக்க ஊசி இறங்கியது.

மாப்பிள்ளை கல்லாவிலிருந்து எழுந்து வந்தான். "எங்க, சிரி பாப்போம்" என்றான். குக்கர் வாங்க வந்தவன் மூடியைத் திருப்பிப் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"எனக்கு வலிக்குது" என்றேன். அந்த வீட்டாரிடம் நான் வாய் திறந்து பேசியது அப்போதுதான்.

அவன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா பக்கம் திரும்பினான். "வலிக்குதாம்மா அவளுக்கு?"

"இல்லலே. சும்மா சொல்லுதா."

"அதான பாத்தேன்" என்று திருப்தியாகக் கல்லாவில் போய் உட்கார்ந்துகொண்டான், தடியன்.

அடுக்கி வைத்திருந்த குடங்களின் மேல் பாட்டிலை வைத்துவிட்டு இறங்கி, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். நிச்சயம் வேண்டாம் என்றதும் அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அப்பாவுக்குக் கோபம். "பையன் குடிக்கானா, சீட்டு ஆடுதானா? என்னளா குறை அவன்ட்ட?"

"ஒண்ணும் இல்லப்பா. எனக்கு வலிக்குதான்னு அவங்க அம்மாட்ட கேக்கான்."

 அப்பா போனை எடுத்தார். "பந்தல்காரன்ட்ட முதல்ல வேண்டாம்னு சொல்லிருதேன். அவங்களுக்கு மெதுவாச் சொல்லிக்கிடலாம்" என்றார்.