முகூர்த்த நாளில் ஒரு பால் டேங்க்

அலங்காநல்லூர் பக்கம் ஒரு பால் குளிரூட்டும் நிலையம் கட்டுகிற வேலைக்கு என்னைத் திட்ட ஒருங்கிணைப்பாளராகப் போட்டார்கள். சேர்ந்த அன்றே சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு படம் வந்தது. யாருக்குக் கீழே யார் என்று காட்டும் படம். கட்டுமானத்துக்கு ஒரு கட்டம், மின்சாரத்துக்கு ஒன்று, வண்டி வாகனத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலிருந்தும் நல்ல தடித்த கோடு நேராகச் சென்னைக்குப் போனது. ஓரத்தில், வரைந்தவர் எழுந்து போகும்போது ஞாபகம் வந்து போட்டதுபோல, என் கட்டம். அதிலிருந்து மற்ற கட்டங்களுக்குப் போனவை எல்லாம் புள்ளிக்கோடுகள், எறும்பு போன தடம் மாதிரி.

எல்லாரும் எனக்குப் பதில் சொல்ல வேண்டும். யாரும் எனக்குக் கீழே இல்லை. பழகிய பதவிதான். ஐம்பது தாண்டியும் கல்யாணமாகாமல், தல்லாகுளத்தில் ஒரு மாடி அறையில் தனியாக இருப்பவனுக்குக் கீழே யார் இருப்பார்கள்? வீட்டுக்காரர் இருந்தார். வாடகை நாளில் மட்டும் மேலே வருவார்.

பால் டேங்க் லாரியில் வந்து இறங்கி முற்றத்தில் கிடந்தது. அதைக் கிரேனால் தூக்கி சிமெண்ட் மேடையில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் முற்றத்தின் குறுக்கே எங்கள் மின்கம்பி போனது. கம்பியைக் கழற்றச் சென்னையில் இருக்கும் தன் மேலதிகாரி சொல்ல வேண்டும் என்றார் எலக்ட்ரீஷியன். மேடை தயார் என்று கட்டுமானப் பிரிவு எழுதித் தந்தால் சொல்கிறேன் என்றார் அந்த மேலதிகாரி. கிரேன் வரும் தேதி தெரிந்தால்தான் எழுதித் தருவோம் என்றார் கட்டட சூப்பர்வைசர். கம்பி போனால் தேதி சொல்கிறேன் என்றார் கிரேன்காரர். நான் இந்த வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கோயிலாக இருந்தால் புண்ணியமாவது சேர்ந்திருக்கும்.

இதற்குள், திங்கட்கிழமை சாயங்காலத்திலிருந்து பால் ஊற்றலாம் என்று சுற்றுவட்டாரத்தில் மாடு வைத்திருந்தவர்களுக்கெல்லாம் கம்பெனி சொல்லிவிட்டது. "இந்தத் தேதியும் தள்ளிப்போச்சுன்னா ஒருங்கிணைப்பாளர்னு ஒரு போஸ்ட்டே எதுக்குன்னு கேப்பாங்க" என்றார் என் மேலாளர் போனில். இந்த வயதில் இன்னொரு கம்பெனிக்குப் போய், இன்னொரு படத்தின் ஓரத்தில் ஒண்ட எனக்குத் தெம்பில்லை. அந்தத் திங்களுக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் டேங்க் தூக்குவது என்று நானே முடிவெடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். எலக்ட்ரீஷியன், சூப்பர்வைசர், கிரேன்காரர் மூன்று பேரும் கட்டைவிரல் காட்டினார்கள். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிறு காலை ஹெல்மெட்டும் ஆரஞ்சுச் சட்டையுமாக முற்றத்தில் நின்றேன். நானும் டேங்க்கும்தான். யாரும் போனை எடுக்கவில்லை. வியர்த்தது. பிரஷர் மாத்திரை போட்டோமா என்று சந்தேகம் வந்து இன்னொன்று போட்டேன். இரண்டு போட்டுவிட்டோமோ என்று அதற்கும் வியர்த்தது. கடைசியாக எலக்ட்ரீஷியன் எடுத்தார். பின்னால் நாதஸ்வரம்.

"சார், தாலி கட்டப் போறாங்க சார், அப்புறம் பேசுறேன்."

"யாருக்குய்யா?"

"எங்க பெரியப்பா மகனுக்கு சார். சூப்பர்வைசரோட அக்கா மகளைத்தானே கட்டுறான்."

மண்டபத்தின் பெயரைக் கேட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் வாழைமரம், வேன், பட்டுச்சேலை. அப்போதுதான் உறைத்தது: பெரிய முகூர்த்தம். தலைமை அலுவலகத்தின் விடுமுறைப் பட்டியலில் முகூர்த்தம் வராது. மதுரைக்காரர்களுக்கு அதைப் பட்டியலில் பார்க்கத் தேவையில்லை; டிவி மேல் கல்யாணப் பத்திரிகை அடுக்கியிருக்கும். என் அறையில் டிவி மேல் தூசிதான் இருந்தது.

வாசலில் பன்னீர் தெளித்த அம்மா என் ஆரஞ்சுச் சட்டையை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஜெனரேட்டரு பின்னாடி இருக்குப்பா. இப்படியே சுத்திப் போ."

"ஜெனரேட்டருக்கு வரலம்மா."

"பின்னே? பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"

"ப்ராஜெக்ட் வீடு" என்றேன். அந்த அம்மா அதையும் ஒரு ஊர் என்று நினைத்துக்கொண்டு கைநிறையக் கற்கண்டு கொடுத்தார்.

பந்தியில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மாதக்கணக்கில் நான் கூட்ட முயன்று கூடாத கூட்டம் அது. கிரேன்காரர் பெண்ணுக்குச் சித்தப்பாவாம். தள்ளி உட்கார்ந்து எனக்கும் இலை போடச் சொன்னார்.

"அண்ணே, குரூப்புல கட்டைவிரலக் காட்டுனீங்களே?"

"பாத்துட்டேன்னு காட்டுனேன் சார். முகூர்த்த நாளு, வர முடியாதுன்னு மச்சான் சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்."

மச்சானாகிய சூப்பர்வைசர் எலக்ட்ரீஷியனைக் கைகாட்டினார். "நான் தம்பி சொல்லியிருக்கும்னு நெனச்சேன்."

நான் ரசத்தைக் கையில் ஏந்தியபடி நிலைமையைச் சொன்னேன். நாளைக்குப் பால் வரும், டேங்க் தரையில் கிடக்கிறது, என் வேலை போய்விடும். கடைசிச் சொல்லில் குரல் கொஞ்சம் கீச்சிட்டது. பரிமாறுகிறவர் எனக்குத்தான் அவசரம் என்று நினைத்துப் பாயசத்தை முதலில் ஊற்றினார்.

கிரேன்காரர் எலக்ட்ரீஷியன் பக்கம் திரும்பினார். "மாப்ள, சாயங்காலம் கம்பியக் கழட்டிரு. நான் தூக்கிர்றேன்."

"ஹெட் ஆபீஸ்ல கேக்கணுமே மாமா."

"பொண்ணையே குடுத்துட்டோம், கம்பியக் கழட்ட மாட்டியாக்கும்?"

"அம்புட்டுத்தானே, கழட்டிட்டாப் போச்சு."

அப்பளம் நொறுங்கும் நேரத்தில் முடிந்தது. கை கழுவும் இடத்தில் சூப்பர்வைசர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நல்ல வேளை வந்தீங்க சார். உங்களுக்குத் தம்பி பத்திரிகை வச்சிருச்சுல்ல?"

துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் நிமிர்ந்தார். "நீங்க வச்சிருப்பீங்கன்னுல்ல நெனச்சேன்!"

இரண்டு பேரும் கிரேன்காரரைப் பார்த்தார்கள். அவர் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார்.

"எனக்கு வந்துச்சே" என்றேன். பொய்தான். யாரோ ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் அல்லவா.

சாயங்காலம் மூவரும் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். மாமா, மாப்ள, மச்சான் என்று ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே டேங்க்கைத் தூக்கினார்கள். என்னை யாரும் திட்டவில்லை. "சார், தள்ளி நில்லுங்க" என்று மட்டும் சொன்னார்கள். மறுநாள் பால் வந்தது. மேலாளர் போன் செய்து, நம்முடைய அமைப்பு எவ்வளவு கச்சிதம் பாருங்கள் என்று பாராட்டினார். என் போஸ்ட் தப்பியது.

அடுத்த வேலைத் திட்டத்தில் முகூர்த்த நாட்களையெல்லாம் சிவப்பில் குறித்தேன்: 'ஆட்கள் வரமாட்டார்கள்.' முதல் சிவப்பு நாள் வந்தது, ஒருவரும் வரவில்லை. என் வாழ்க்கையில் ஒரு திட்டம் இம்மி பிசகாமல் நடந்தது அன்றைக்குத்தான். ஆனால் மாட்டுக்கு முகூர்த்தம் கிடையாது. பால் அளக்க நான் மட்டும் போயிருந்தேன், இஸ்திரி போட்ட வெள்ளை வேட்டி சட்டையில். யாராவது கடைசி நேரத்தில் கூப்பிட்டால் மாற்ற நேரம் இருக்காது என்ற முன்யோசனைதான்.

கேனை இறக்கிவைத்த பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன சார், கல்யாணத்துக்கா?"

"ஆமாம்மா."

"எந்த மண்டபம் சார்? நானும் ஒண்ணுக்குத்தான் போறேன்."

டேங்க்கின் குளிர் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதுபோல மீட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.