மேரியக்காவின் பெயரில் இருந்த என் விளையாட்டு

செவ்வாய்க்கிழமை காலை தையல் கடையில் பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். ஓனரம்மாவின் ஃபோன் அடித்தது. கேட்டுவிட்டு அவர் மெஷின் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்தார். "மேரி செத்துப் பூட்டாளாம்டி" என்றார். மஞ்சள்காமாலை என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. ஆரோக்கியமேரி அக்காவுக்கு இருபத்தாறு வயது.

முப்பதாம் நாள் பூசையில் கொடுக்கும் தாளில் அவரைப் பற்றி எழுதும் வேலையை, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று என்னிடம் விட்டார்கள். நான் ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவள். பேச வராது, எழுதக் கொஞ்சம் வரும். நல்லதை மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும். எனக்கு அவர்மேல் பொறாமை. இன்னும் போகவில்லை.

சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் வந்து, செஞ்சி கடைத்தெருவில் இருக்கும் எங்கள் பிளவுஸ் தையல் கடையில் நான் சேர்ந்து ஆறு மாதம் கழித்துத்தான் மேரியக்கா வந்தார். அதுவரை அங்கே எல்லோருக்கும் நான் 'சிங்கவரத்துப் பொண்ணு'. அவர் வந்த அன்றே எல்லார் பெயரையும் கேட்டுக்கொண்டார். சாப்பாட்டு நேரத்தில் அவர் டப்பாவில் ஐந்து கைகள் இருந்தன. என் டப்பாவில் என் கை மட்டும்.

அப்போது என்னிடம் ஒன்றே ஒன்று இருந்தது. டிவியில் பெட்டி மாட்டி ஆடுவார்களே, அந்தப் பழைய சண்டை கேம். என் பழைய ஃபோனில் அது முழுதாக நுழையாது. யாரோ அதைச் சுருக்கி நெட்டில் போட்டிருந்தார்கள். தினமும் மிஞ்சும் டேட்டாவில் ஒரு துண்டு என்று ஆறு நாளில் ஆறு துண்டுகளை இறக்கினேன். நான்காவது துண்டு கெட்டுப்போய் மறுபடி இறக்கினேன். எல்லாவற்றையும் ஒட்டி, ஃபோனை அந்தப் பெட்டி போல நடிக்க வைக்கும் எமுலேட்டரில் போட்டதும் ஓடியது. ஆனால் சுருக்கியவர் பாட்டு, பேச்சு, கத்தல் எல்லாவற்றையும் வெட்டியிருந்தார். இரண்டு பேர் சத்தமே இல்லாமல் அடித்துக்கொண்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

துணி வெட்டும் மேசைக்குப் பின்னால் ஒளிந்து ஆடிக்கொண்டிருந்தபோது மேரியக்கா எட்டிப் பார்த்தார்.

"இன்னாடி கௌசி, ஊமைங்க மாதிரி அடிச்சிக்கிறானுங்க?"

ஃபோனை வாங்கி அவரே கத்த ஆரம்பித்தார். "மொத ரவுண்டு! கும்புட்டுக்கங்கடா, அடிச்சிக்கங்கடா!" உதை விழுந்தால், "அய்யய்யோ, என் இடுப்பு போச்சே!" மெஷின்கள் நின்றன. எல்லோரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஃபோனில் மாட்டி இரண்டு பேர் ஆட, எங்களோடு தைக்கும் தேவி தன் தம்பியின் ஜாய்ஸ்டிக் இரண்டை மறுநாள் கொண்டுவந்தாள்.

கேமில் இருக்கும் ஆட்களில் யாரும் எடுக்காத ஒரு தடியனைத்தான் மேரியக்கா எடுப்பார். நகரவே யோசிக்கும் ஆள் அவன். நான் இருப்பதிலேயே வேகமானவனை எடுப்பேன். ஒருமுறைகூட நான் ஜெயித்ததில்லை.

ஒருநாள் சாப்பாட்டு நேரம் முடிந்தும் ஆட்டம் முடியவில்லை. பிளவுஸ் வாங்க ஒரு கல்யாணப் பெண் வந்து நின்றாள். அவளுடைய பிளவுஸுக்குக் கை வைக்கவே இல்லை. ஓனரம்மா கத்தினார்.

"எவடி இந்தக் கருமத்த ஏத்துனது?"

ஃபோன் என்னுடையது. மேரியக்கா கையில் இருந்தது. நான் கொக்கி டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டேன்.

"நான்தாம்மா" என்றார் மேரியக்கா.

அரை மணி நேரம் திட்டு விழுந்தது. நாளையிலிருந்து வராதே என்றுகூட ஓனரம்மா சொன்னார். நான் குனிந்து கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் இரண்டு நாள் கழித்து ஓனரம்மாவே வந்து, "மேரி, அந்தத் தடியன எப்பிடி குதிக்க வெக்கிறது?" என்று கேட்டார். அன்றிலிருந்து அதற்குப் பெயர் 'மேரி கேம்'. ஜெராக்ஸ் கடைப் பெண், பூக்கடை அக்கா எல்லோரும் மேரி கேம் வேண்டும் என்று வந்தார்கள். "கௌசிகிட்ட குடுங்க, ஏத்திக் குடுப்பா" என்பார் அவர். நான் அவருக்கு எடுபிடி போல ஆனேன்.

ஒருநாள் தைரியம் வந்து கேட்டுவிட்டேன். "அக்கா, அது நான் கொண்டாந்ததுன்னு சொல்லுங்களேன்."

அவர் சிரித்தார். "திட்டு வாங்கும்போது அது யாருதுடி?"

விளையாட்டாகத்தான் சொன்னார். பாதி முறுக்கை உடைத்து நீட்டினார். நான் வாங்கவில்லை. மூன்று நாள் ஆடவும் போகவில்லை. நான் இல்லாமலே அங்கே சிரிப்புச் சத்தம் கேட்டது.

அடக்கத்தன்று அவலூர்பேட்டை பக்கத்திலிருக்கும் அவர் வீட்டு வாசலில் அவ்வளவு கூட்டம். 'மேரி கேம்' என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். நான் பின்னால் நாற்காலிகளுக்கு நடுவே நின்றேன். எனக்கென்றால் எத்தனை பேர் வருவார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். அந்த நேரத்திலும் அப்படித்தான் நினைத்தேன்.

இந்தத் தாளுக்குப் படம் வாங்க மறுபடி போனபோது, அவருடைய அம்மா தன் ஃபோனை நீட்டினார். "மேரி கேமாமே, இதுல ஏத்திக் குடும்மா. எல்லாரும் சொல்றாங்க, நான் பாத்ததே இல்ல."

ஏற்றிக் கொடுத்தேன்.

"மேரி ஆளு எதும்மா?"

தடியனைக் காட்டினேன். அவர் ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"இன்னாம்மா, அடி வாங்கிக்கினே நிக்கறான்?"

"பட்டன அழுத்தணும்மா."

"நீ அழுத்து."

நான் அவனை வைத்து ஆடியதே இல்லை. குதி என்றால் ஒரு காலைத் தூக்கினான். உதை என்றால் திரும்பி நின்றான். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன்: "அம்மா, இந்த கேம் நான் கொண்டாந்தது. மேரியக்கா இல்ல." இதை வாய்விட்டு ஒருவரிடம் நான் சொன்னது அதுதான் முதல்முறை.

தடியன் மல்லாக்க விழுந்தான்.

"மேரியா இருந்தா ஜெயிச்சிருப்பா" என்றார் அம்மா.

"ஆமாம்மா, ஜெயிச்சிருப்பாங்க" என்றேன். அது உண்மை.

"இன்னொரு தரம் ஆடு" என்று அவர் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். ஆடினேன். அதிலும் தோற்றேன். அவர் விடவில்லை.

போய் வாருங்கள், அக்கா. அந்தத் தடியனை நடக்க வைக்கவே எனக்கு இன்னும் வரவில்லை.