வெந்தயம் கூடிப்போன காகிதக் கூழ்

லிஃப்ட் கதவு ஒன்பதாவது மாடியில் திறந்ததும் அந்த வாசனை வந்து முகத்தில் மோதியது. ஊறிய செய்தித்தாளும் வெந்தயமும். நாவலூரில், கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே, பச்சைத் தொட்டி நீலத் தொட்டி என்று குப்பைக்கு நிறம் பிரித்து வைத்திருக்கும் இந்த அடுக்ககத்தில், யாரோ ஒருவர் பழைய காகிதத்தை ஊறவைத்து அரைத்துக்கொண்டிருக்கிறார். நான் போக வேண்டியது பதினொன்றாவது மாடி. ஒன்பதிலேயே இறங்கிவிட்டேன். மூடிய கதவுகளுக்கு முன்னால் காய்கறிப் பையோடு நின்று மூச்சை இழுத்தேன், இழுத்தேன், பத்து வயது வரைக்கும் இழுத்துக்கொண்டு போனேன்.

பத்து வயதில் எங்கள் வீடு கல்பாக்கத்துக்குப் பக்கத்தில், கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே இருந்த ஒரு சின்னக் குடியிருப்பில் இருந்தது. நாற்பது வீடுகள். காலையில் ஆண்களெல்லாம் ஒரே பேருந்தில் ஏறி வேலைக்குப் போவார்கள். எதையும் அளந்து, எழுதி, கையெழுத்துப் போட்டுப் பழகியவர்கள். குடியிருப்பின் குப்பை வாரத்துக்கு ஒருமுறை டிராக்டரில் ஏறி, சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில் போய் விழும். அந்தப் பள்ளம் நிறைந்துவிட்டது. நிறைந்ததோடு நின்றிருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். கடற்காற்று சும்மா இருக்குமா? பாலித்தீன் பைகளை ஒவ்வொன்றாகக் கிளப்பி, சவுக்கு மரங்களில் மாட்டிவைத்தது. மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் தோப்பே வெள்ளை வெள்ளையாகப் பூத்து ஆடும். எனக்கு அது அழகாகத்தான் இருந்தது.

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் மாமாவுக்கு அழகாக இல்லை. ஒரு போட்டி அறிவித்தார். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். கடைசி ஞாயிறு எந்த வீட்டிலிருந்து பள்ளத்துக்குப் போகும் குப்பை எல்லாவற்றிலும் குறைவோ, அந்த வீடு ஜெயித்தது. ஞாயிறு காலை வேப்பங்கிளையில் கொக்கித் தராசைத் தொங்கவிட்டு அவரே நிறுப்பார். அறிவிப்புப் பலகையில் வரைபடத் தாள் ஒட்டிப் புள்ளி வைப்பார். பரிசு என்னவென்று கடைசி நாள்தான் சொல்வார்.

அவ்வளவுதான். எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது.

பித்தை விசிறிவிட்டது அத்தை. அப்பாவின் கடைசித் தங்கை. திருக்கழுக்குன்றத்தைத் தாண்டி உள்ளே இருந்த எங்கள் ஊரில் அப்பாவைப் பெற்றவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு தகரப் பெட்டியோடு எங்களிடம் வந்தவள். பன்னிரண்டாவது முடித்து, செங்கல்பட்டில் நர்ஸ் படிப்புக்கு எழுதிப்போட்டு, இடமும் கிடைத்திருந்தது. அந்த மாதம் முடிவதற்குள் படிப்பில் சேர்ந்துவிட வேண்டும். அப்பாவோ மதுராந்தகம் பக்கம் ஒரு லாரிக்காரர் வீட்டில் சம்பந்தம் பேசி வைத்திருந்தார். "மொதல்ல கல்யாணம். கட்டிக்கறவன் படிக்க வெச்சா படி, யாரு வேணான்னாங்க?" என்று சொல்லிவிட்டு அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பேருந்துக்குப் போய்விடுவார். நான்காவது ஞாயிறு மாப்பிள்ளை வீட்டார் வந்து அத்தையின் ஜாதகத்தை வாங்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு. பொருந்திவிட்டால் அடுத்த முகூர்த்தம். அத்தை அழவில்லை, வாதாடவில்லை. என்னோடு சேர்ந்து குப்பையைக் கிளறினாள்.

என்ன ஒரு மாதம் அது! காய்கறித் தோலெல்லாம் பால்காரர் மாட்டுக்கு. மீன் செதிலும் முள்ளும் தென்னை மரத்தடியில் குழி தோண்டி உள்ளே. தேங்காய் ஓடு வெந்நீர் அடுப்புக்கு. பால் கவர்களைக் கழுவிக் கொடியில் வரிசையாகக் காயப்போட்டோம். காற்றில் அவை படபடவென்று எனக்காகவே கைதட்டின. கடைக்கு யார் போனாலும் வாசலில் மறித்து மஞ்சள் பையைக் கையில் திணிப்பேன். ஒருநாள் அப்பா பாலித்தீன் பையில் பக்கோடா வாங்கிவந்தார். அதைக் கடையிலேயே நின்று சாப்பிட்டுவிட்டு, பையைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுக்கச் சொல்லி அவரைத் திரும்ப நடக்கவைத்தேன். அவர் பக்கோடாவைச் சாப்பிட்டார். பையைச் சட்டைப் பாக்கெட்டில் ஒளித்துவைத்தார். கண்டுபிடித்தேன்.

இத்தனை செய்தும் முதல் ஞாயிறு எங்களுக்கு ஆறாவது இடம். எதிர்வீட்டுப் பையன், என் வகுப்புக்காரன், கேட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு கத்தினான். "இன்னாடி, உங்க வூட்டு குப்பை நல்லா துன்னுகினு கீது போல? குண்டாயிகினே போவுது!"

இரண்டாவது ஞாயிறு அவர்கள் வீட்டுக் குப்பை பஞ்சுபோல வந்தது. ரகசியத்தை அத்தைதான் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தாள். அவனுடைய அப்பா எல்லாவற்றையும் வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் போனால் எடை போகிறது! செய்தி ஒரே நாளில் நாற்பது வீட்டுக்கும் ஓடியது. வடகம் காய்ந்த மொட்டைமாடிகளில் வாழைப்பழத் தோல் காய்ந்தது, டீத்தூள் காய்ந்தது, முருங்கைக்காய்ச் சக்கை பாயில் பரத்திக் காய்ந்தது. படித்த மனிதர்கள் லுங்கியோடு மாடியேறி, குப்பைக்குக் காக்கை ஓட்டினார்கள். மூன்றாவது ஞாயிறு பலகையில் எல்லாப் புள்ளிகளும் தடதடவென்று கீழே விழுந்தன. செயலாளர் மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

டிராக்டர் ஓட்டுபவர்தான் இறங்கி வந்து அந்தத் தாளைப் பார்த்தார். பிறகு தன் வண்டியைப் பார்த்தார். அது வழக்கம்போலக் குவிந்திருந்தது.

"இன்னா சார் இது? பள்ளத்துக்கு எடையா தெரியும்? எடத்த அடைக்குதா, இல்லியா? அத்த பாரு நீ."

செயலாளர் மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசி வாரத்துக்கு விதி மாறியது. காய்ந்த குப்பையைத் தண்ணீரில் முக்கி நனைத்துத்தான் தராசில் மாட்டுவார்கள்.

எங்களுக்குக் கவலையே இல்லை. தோலும் முள்ளும் எங்கள் வீட்டில் மிஞ்சுவதே இல்லையே. மிஞ்சியது காகிதம்தான். நனைத்தால் கல்லாகக் கனக்கும். முழுசான தாளைப் பழைய பேப்பர்காரர் எடுத்துக்கொள்வார். கிழிந்தது, எண்ணெய் பட்டது, கிறுக்கியது, அட்டை போன நோட்டு, இவற்றை அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அப்போதுதான் அம்மா, "அண்டாவ எடுத்துனு வா. ஊறப்போடு. கூடை பண்ணிடலாம்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை மதியம். கூடத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, நானும் அத்தையும் தரையில் உட்கார்ந்து கிழித்தோம். குவியலைக் கொண்டுவந்து என் மடியருகே வைத்தவள் அவள்தான். பொட்டலத் தாள், என் மூன்றாம் வகுப்பு நோட்டுகள், பழைய காலண்டர். நடுவில் நீளமாக, பழுப்பாக, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒரு நோட்டு. உள்ளே கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, கட்டத்துக்குள் இரண்டிரண்டு எழுத்து. யாரோ கணக்குப் போடத் தொடங்கிப் பாதியில் விட்டதுபோல இருந்தது.

"இது யாருது அத்த?"

"பழசுடி. யாருக்கும் ஒதவாது. பொடிசா கிழி, அப்பதான் நல்லா ஊறும்."

பொடிசாகக் கிழித்தேன். அத்தை என்னைவிடப் பொடிசாகக் கிழித்தாள், என்னைவிட வேகமாக. அவளுடைய வளையல்கள் சலசலத்துக்கொண்டே இருந்தன. யார் முதலில் முடிப்பது என்று அவள் எனக்குப் போட்டி வைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நானும் பறந்தேன்.

இரண்டு நாள் ஊறியது. வியாழக்கிழமை அம்மா அதை வெந்தயத்தோடு ஆட்டுக்கல்லில் போட்டு ஆட்டினாள். வீடெல்லாம் அந்த வாசனை, கசப்பும் குளிர்ச்சியுமாக.

"ஏம்மா இவ்ளோ மஞ்சளா கீது?" என்று கேட்டேன்.

அம்மாவின் கை ஒரு சுற்று நின்றது. கூழை விரலில் எடுத்து உருட்டினாள். நிமிர்ந்து அத்தையைப் பார்த்தாள். அத்தை கொல்லை மதிலில் இருந்த காக்கையைப் பார்த்தாள்.

"வெந்தயம் கூடிப்போச்சு" என்றாள் அம்மா. மறுபடியும் ஆட்டத் தொடங்கினாள். முன்னைவிட அழுத்தி ஆட்டினாள். பிறகு கவிழ்த்த பானையின் மேல் கூழை அப்பி வழித்து, மொட்டைமாடியில் காயவைத்தோம்.

சனிக்கிழமை காலை அப்பா பீரோவைத் திறந்தார். சட்டைகள் கட்டிலுக்கு வந்தன. வேட்டிகள் தரைக்கு வந்தன. அடித்தட்டுத் தாள் வரைக்கும் உருவிப் பார்த்துவிட்டு, "எங்கடி அந்த நோட்டு? ஜாதக நோட்டு! நாளைக்கி அவங்க வராங்க!" என்று அம்மாவிடம் கத்தினார்.

"மூலையில மஞ்சள் தடவி இருக்குமே, அதுவாப்பா?" என்றேன் வாசற்படியிலிருந்து. எனக்கு ஒரே பெருமை. ஒரு சீட்டுக்கூட மிச்சமில்லாமல் நான் வேலையை முடித்திருந்தேன். "அத நான்தான் கிழிச்சி ஊறப்போட்டேன்பா. பேப்பர்காரர் அந்த மாதிரி நோட்ட வாங்க மாட்டாரு."

அப்பா கையை ஓங்கினார். அத்தை குறுக்கே வந்து நின்றாள். "கொயந்தைய அடிக்காத அண்ணா. அதுக்கு இன்னா தெரியும்?"

அப்பா மாடிக்கு ஓடினார். நாங்கள் மூவரும் பின்னாலேயே. கூடை வெயிலில் பொன்போலக் காய்ந்துகொண்டிருந்தது. கழுத்தைச் சாய்த்துக்கொண்டு பானையை அவர் சுற்றிச் சுற்றி வந்தார். கோயில் சுற்றுவதுபோல இருந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் சிதையாத துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. அதில் 'சனி' என்று இருந்தது. எந்தக் கட்டத்துச் சனி என்று கூடை சொல்லவில்லை.

"பொறந்த நேரம் அதுல மட்டுந்தான்டி எழுதி வெச்சிருந்தாரு எங்க நைனா." அப்பா சுவரில் சாய்ந்தார். "உனக்கு எதுனா ஞாபகம் கீதா?"

"நான் வாக்கப்பட்டு வர்றதுக்கு முன்னாடி பொறந்தவ. என்னைக் கேட்டா?" என்றாள் அம்மா. "நீங்கதானே வூட்ல இருந்தீங்க."

அப்பா கண்ணை மூடி யோசித்தார். "மாடு கறந்துகினு இருந்தாங்க. அப்பத்தான் கொயந்த அழுவுற சத்தம் கேட்டுச்சு."

"காலைல கறந்தாங்களா, சாயந்தரம் கறந்தாங்களா?"

அப்பா கண்ணைத் திறக்கவே இல்லை. அத்தை கொடியில் இருந்த துணிகளை மடிக்கத் திரும்பினாள். அவளுடைய தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து எனக்கும் அழுகை வந்துவிட்டது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்ததே! எங்கள் வீட்டுக் குப்பையைச் செயலாளர் மாமா கொக்கியில் மாட்டினார். முள் அசைந்ததா என்று குனிந்து பார்த்தார். தராசை ஒருமுறை தட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு பேனா முனை, இரண்டு பற்பசைக் குழாய், ஒரு உடைந்த சீப்பு. அவ்வளவுதான் எங்கள் வீடு பூமிக்குக் கொடுத்தது! கூட்டம் கைதட்டியது. எதிர்வீட்டுப் பையனே விசிலடித்தான். பரிசைத் துணி விலக்கிக் காட்டினார்கள். பெரிய, சிவப்பு, பளபளக்கும் பிளாஸ்டிக் வாளி.

அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன். கூடத்தில் மாப்பிள்ளையின் அம்மா பேசிக்கொண்டிருந்தது வாளிக்குள் எதிரொலித்தது. "ஜாதகமே இல்லன்னா எப்பிடிங்க? ஏதோ தோஷம் கீது, மறைக்கறாங்கன்னுதான் நாலு பேரு சொல்லுவாங்க." காபி குடித்தார்கள். எழுந்தார்கள். கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் மூன்று கேட்டது. அப்பா நாற்காலியிலேயே இருந்தார். நான் வாளியைத் தட்டித் தட்டித் தாளம் போட்டேன். அத்தை சமையலறையிலிருந்து வந்து எனக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து அவளும் தட்டினாள். அப்படி ஒரு தாளத்தை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை.

அப்பாவின் சட்டைகளுக்கு அடியில் இருந்த நோட்டு, பழைய தாள்களோடு கூடத்துத் தரைக்கு எப்படி நடந்து வந்தது என்று அன்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. குற்றவாளி கையில் வாளியோடு அகப்பட்டுவிட்ட பிறகு யார் என்ன விசாரிப்பது? அந்த வாரம் முழுக்க அப்பா என்னோடு பேசவில்லை. ஆனால் மாதக் கடைசியில், "சும்மா வூட்ல குந்தினு இருக்கறதுக்கு போய்ப் படிக்கட்டும்" என்று அவரே சொல்லி, தகரப் பெட்டியை அவரே தோளில் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு வந்தார். அம்மா எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தாள்.

செங்கல்பட்டுப் பேருந்து மணலைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. அத்தை ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அப்பா பெட்டியைப் பின்பக்கமாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தபோது, ஜன்னல் கம்பி வழியே என்னைக் கிட்டே கூப்பிட்டாள். கண்ணெல்லாம் மினுமினுத்தது.

"அந்த நோட்டைப் போட்டது யாருடி?"

"நான்தான்."

"நாளைக்கி நீ பெரிய பொண்ணாயி, அப்ப யாருனா கேட்டா?"

என்ன கேள்வி இது என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது. வண்டி நகர்ந்தது. கூடவே ஓடிக்கொண்டு கத்தினேன்.

"அப்பவும் நான்தான் அத்த! வேற யாரு போட்டாங்களாம்?"