லோடாகும் நேரம்

ரெஜினை டெல்லியில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. தனியார் மருத்துவமனை ஒன்றின் ஐ.சி.யூ.வில் சீனியர் நர்ஸ். ஆண் நர்ஸ் என்றால் அங்கே எல்லாருக்கும் ‘பிரதர்’தான். நோயாளிக்கும் பிரதர், நோயாளியின் மாமனாருக்கும் பிரதர். லிடியா புதிதாக அந்த வார்டில் வந்து சேர்ந்தபோது அவளும் அப்படித்தான் கூப்பிட்டாள். இருவருக்கும் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். நரம்பு கிடைக்காத கையில் ஊசி ஏற்றுவது எப்படி என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தது ரெஜின்தான். அப்படிப் பழகி, பிரதர் என்று கூப்பிட்ட வாயாலேயே சர்ச்சில் சம்மதமும் சொன்னாள். வார்டு முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

இப்போது லிடியா அயர்லாந்தில் இருக்கிறாள். வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கான ஆங்கிலப் பரீட்சையை முதல் தடவையிலேயே தாண்டிவிட்டாள். ரெஜின் பேசுவதில் பாஸ், கேட்பதில் பாஸ், படிப்பதில் பாஸ். எழுதுவதில் மட்டும் ஒவ்வொரு முறையும் மயிரிழையில் கோட்டை விடுவான். நின்றுபோன இதயத்தை அமுக்கி அமுக்கித் திரும்ப ஓடவைக்கிற மனிதனுக்கு, வெள்ளைத்தாளில் நாலு பத்தி ஆங்கிலம் எழுதச் சொன்னால் கை வியர்த்துவிடும். யாரைக் குறை சொல்ல?

அவன் பரீட்சை எழுதாமலும் போகலாம். நர்ஸின் கணவன் என்ற விசாவில் போய், அங்கே முதியோர் இல்லத்தில் ஏதாவது வேலை பார்க்கலாம். அப்படி வந்தாலும் சரிதான் என்று லிடியா கேட்டுப் பார்த்தாள். ரெஜினுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “ஒனக்கு ஊசி போடப் படிச்சுத் தந்தவன் நான். ஒனக்க பின்னால வந்து கெழவன்மாருக்கு டயப்பர் மாத்தணுமோ?” என்று கேட்டுவிட்டான். கேட்ட மாத்திரத்திலேயே அது தப்பு என்று தெரிந்தது. ஆனால் வாயிலிருந்து போனது போனதுதான். 

அதன்பிறகு வீடியோ காலில் முகத்தைப் பார்த்துப் பேசுவதே பாடாகிவிட்டது. சாப்பாடு, குளிர், சர்ச் என்று தொடங்கினாலும் பேச்சு சுற்றிச் சுற்றிப் பரீட்சையில் வந்து நிற்கும். அவள் கேட்பாள், அவன் முறைத்துக்கொள்வான், போன் கட்டாகும். கடைசியில் லிடியாதான் வழி சொன்னாள். கல்யாணமான புதிதில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி இருவரும் மாறி மாறி ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். ஆளரவமில்லாத தீவு. மரம் வெட்டி, மீன் பிடித்து, வீடு கட்டிப் பிழைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அங்கே சந்திக்கலாம், அங்கே பரீட்சைப் பேச்சு கூடாது என்றாள். ரெஜின் தலையாட்டினான்.

ஞாயிறு மதியம் தமிழ் ஆராதனை முடிந்து, மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு, சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குப் பின்புறமுள்ள தன் ஒற்றை அறைக்கு வந்து கம்ப்யூட்டரைப் போடுவான். அங்கே அவளுக்குக் காலை. விளையாட்டுக்குள்ளேயே, தீவு வருவதற்கு முன்பிருந்தே, பேசிக்கொள்ள வசதி உண்டு. அவளுடைய புது லேப்டாப்பில் தீவு கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். இவனுடைய கிழட்டு யந்திரத்தில் லோடாவதைக் காட்டும் ஒரு நீலக் கோடு ஊர்ந்து ஊர்ந்து போகும். அந்தக் கோடு முடிகிறவரை இரண்டு பேருக்கும் செய்வதற்கு ஒன்றுமில்லை, பேசுவதைத் தவிர. சாப்பிட்டியளா என்பாள். லிடியா என்று வாயில் வராத வார்டுப் பாட்டி ஒருத்தி அவளை ‘லில்லி’ ஆக்கிவிட்ட கதையைச் சொல்வாள். சன்னல் வழியாகத் எதை எடுத்தாலும் இருநூறு என்று துணிக்கடைக்காரர்கள் போடும் “தோ சௌ! தோ சௌ!” கூவல் மைக்கில் புகுந்துவிட்டால், “அந்தச் சத்தம் கேக்க எவ்வளவு கொதியா இருக்கு தெரியுமா” என்பாள்.

குளிர்காலத்தில் விளையாட்டுக்கு ஒரு பெரிய புதுப்பிப்பு வந்தது. தீவு பெரிதானது, மரங்களில் பனி படிந்தது, ரெஜினின் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. நீலக் கோடு இரண்டு மடங்கு நேரம் எடுத்தது. உள்ளே போன பிறகும் நாலடி நடந்தால் ஒரு விக்கல். லிடியா ஓநாயோடு மல்லுக்கட்டும்போது இவன் ஓங்கிய கோடரியோடு சிலையாக நிற்பான். “ஓநாய் வரும்போ பாத்து நிக்கியளே!” என்று அவள் சிரிப்பாள். இரண்டு மூன்று வாரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

ரெஜின் சும்மா இருக்கவில்லை. கம்ப்யூட்டரின் உள்நிலையைக் காட்டும் பக்கத்தைத் திறந்து பார்த்தான். டிஸ்க் என்ற இடத்தில் நூறு சதவீதம் என்று இருந்தது. அவனுக்கு மனம் குளிர்ந்தது. ஐ.சி.யூ. மானிட்டரில் ஆக்சிஜன் நூறு என்று நின்றால் அதைவிட நல்ல சேதி உண்டா? டிஸ்க் ஆரோக்கியமாக இருக்கிறது, கோளாறு இன்டர்நெட்டில்தான் என்று முடிவுகட்டி, இன்டர்நெட் கம்பெனிக்காரனை வாரக்கணக்கில் போனில் காய்ச்சினான். வேறு யாரும் செய்யாத தப்பு இது. நர்ஸ் மட்டும்தான் செய்வான்.

மருத்துவமனைக் கம்ப்யூட்டர் பிரிவில் அக்‌ஷய் என்று ஒருவன். டெல்லியிலேயே பிறந்த தமிழன். அவன் வாயில் தமிழ், இந்திக்கு நடுவே எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அவனுக்கு ரெஜின் ‘பையா’, அதாவது அண்ணன். கேன்டீனில் ரெஜின் அந்த ‘நூறு’ கதையைச் சொன்னதும் அவனுக்குச் சாய் புரையேறிவிட்டது.

“பையா! டிஸ்க் நூறுன்னா அச்சா இல்ல. அது மூச்சு முட்டுது!”

“அப்பம் என்னதான் கோளாறு?”

“ரேம்தான் உங்க ஐ.சி.யூ. பெட். உங்ககிட்ட எட்டுதான் இருக்கு. புது கேம் பதினாறு பேஷன்ட் அனுப்புது. மீதி எட்டு பேரை என்ன பண்ணுவீங்க?”

“கொஞ்சம் தேறினவங்கள கீழ் வார்டுக்கு மாத்துவோம். தேவைன்னா திரும்பக் கொண்டு வருவோம்.”

“அவ்ளோதான், அதான் வர்ச்சுவல் மெமரி. ஆனா உங்க வார்டு பழைய ஹார்ட் டிஸ்க்ல இருக்கு. பின்னாடி பில்டிங், ஒரே லிஃப்ட், அதுவும் ஸ்லோ. கேம் ஃபைலும் அதே லிஃப்ட்லதான் வருது. பேஷன்ட்டை ஏத்தி இறக்கறதுக்குள்ள கேம் நின்னு போயிடுது. எஸ்.எஸ்.டி.ன்னு புது டைப் டிஸ்க் இருக்கு, அதைப் போடுங்க. வார்டு பக்கத்து ரூமுக்கு வந்துடும். ரேமும் கொஞ்சம் ஏத்துங்க. எவ்ளோ ஜல்தி எஸ்.எஸ்.டி. இருந்தாலும் வார்டு வார்டுதான், ஐ.சி.யூ. ஆகாது.”

ரெஜினுக்குப் பளிச்சென்று விளங்கியது. விளங்கியதுதான் வினையானது. லிஃப்ட்தான் தொல்லை என்றால் யாரையும் கீழே அனுப்பாமல் இருந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. இணையத்தில் யாரோ ஒரு புண்ணியவான் போட்டிருந்த வீடியோவைப் பார்த்து, வர்ச்சுவல் மெமரியை அடியோடு நிறுத்திவிட்டான். அந்த ஞாயிறு நீலக் கோடு வழக்கம்போல ஊர்ந்துகொண்டிருக்க, லிடியாவின் பேச்சு நடுவில் நின்றது. பிறகு வேறு குரலில் வந்தது.

“நான் ஒண்ணு சொல்லணும். கோவப்படப்பிடாது.”

“சொல்லு.”

“ரொம்ப நாளா சொல்லணும்னு நெனச்சுட்டு...”

அவ்வளவுதான். நினைவகம் போதவில்லை என்று ஒரு சின்னப் பெட்டி திரையில் எழுந்தது, விளையாட்டு அப்படியே மூடிக்கொண்டது, லிடியாவின் குரலும் அதோடு போனது. பெட் நிறைந்து, வெளியே அனுப்பவும் வழியில்லை என்றால் என்ன ஆகும் என்று உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தலையில் அடித்துக்கொண்டு போனைப் போட்டான். “அது போன்ல சொல்லக்கூடிய காரியம் இல்ல. அடுத்த வாரம் சொல்லுகேன்,” என்று வைத்துவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க அவனுக்கு வேறு நினைப்பில்லை. என்னவாக இருக்கும்? உடம்புக்கு ஏதாவதா? திரும்பி வருகிறாளா? வேறு யாராவது? நோயாளிக்கு மருந்து ஏற்றும்போதும் அதுதான், மெட்ரோவில் தொங்கும்போதும் அதுதான். நினைக்க நினைக்க எல்லாப் பழியும் அந்த ஹார்ட் டிஸ்க்கின் மேல் போய் விழுந்தது. அது மட்டும் சரியாக இருந்திருந்தால் அவள் சொல்லி முடித்திருப்பாள். அக்‌ஷயை இழுத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் சாமான் விற்கிற நேரு பிளேஸுக்குப் போனான். எஸ்.எஸ்.டி. வந்தது, கூடுதல் ரேம் வந்தது. அக்‌ஷயே வந்து மாட்டி, விளையாட்டைப் புது டிஸ்க்குக்கு மாற்றி, ரெஜின் நிறுத்திவைத்த வர்ச்சுவல் மெமரியையும் அதிலேயே திரும்ப வைத்தான். “இனிமே பறக்கும், பையா,” என்றான்.

பறந்தது. ஞாயிற்றுக்கிழமை ரெஜின் “சாப்பிட்டியா” என்று வாயெடுப்பதற்குள் தீவு கண்முன் விரிந்துவிட்டது.

“அடேயப்பா, அதுக்குள்ள வந்துட்டியளே!” என்று லிடியா வியந்தாள். “அப்பம் வாங்க. புயல் வருது, மரம் போதாது.”

தீவில் எப்போதுமே ஒரு வேலை இருக்கும். மரம் எடுங்க என்றாள், எடுத்தான். கதவை மூடுங்க என்றாள், மூடினான். நடுவில் ஒருமுறை, “போன வாரம் என்னமோ சொல்லணும்னியே?” என்று கேட்டுப் பார்த்தான். “ஓநாய் வருது, பின்னால பாருங்க,” என்றாள். ஓநாயைக் கொன்றார்கள். மறுபடி கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. பிறகு அவள் கிளம்பும் நேரம் ஆகிவிட்டது. அடுத்த ஞாயிறும் அதே கதை. ஒரு விக்கல் இல்லை, ஒரு நிறுத்தம் இல்லை, சொந்தமாக ஒரு வார்த்தையும் இல்லை.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவர்கள் இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்தது தீவில் அல்ல. தீவுக்கு வெளியே, அந்த நீலக் கோடு முடிகிறவரைதான். அதைத் தன் கையாலேயே நேரு பிளேஸ் போய் இல்லாமல் செய்துவிட்டு வந்திருக்கிறான். அவனுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. யாரிடம் சொல்ல? மறுநாள் அக்‌ஷயிடம் போய், விளையாட்டைப் பழைய டிஸ்க்கிலேயே திரும்பப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டான். அக்‌ஷய் அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

“பாகல் ஹோ கயே க்யா, பையா? பைத்தியமா? ஸ்லோ வேணும்னு யாராவது கேப்பாங்களா? அதை நான் ஃபார்மட் பண்ணி சி.சி.டி.வி.க்குக் கொடுத்தாச்சு.”

அதற்கடுத்த ஞாயிறு தீவு வழக்கம்போலச் சட்டென்று வந்தது. இருவரும் கட்டிய மரவீட்டின் வாசலில் ரெஜினின் உருவம் நின்றது. லிடியாவின் உருவம் உள்ளே அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தது. ரெஜின் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

“இன்னும் லோடாகல,” என்றான்.

லிடியாவின் உருவம் அடுப்பில் இன்னொரு விறகைப் போட்டது.

“புது டிஸ்க்கும் படுத்துட்டா?”

“தெரியல. கோடு மெதுவாத்தான் போவுது.”

“சரி. மெதுவாவே வரட்டும்.” அவள் குரல் இளகியிருந்தது. “அந்த லில்லிப் பாட்டி செத்துப்போச்சு. நாந்தான் கூட இருந்தேன். கையப் பிடிச்சுட்டே இருந்துது.”

“பயந்தியா?”

“இல்ல. ஒங்க நெனப்பு வந்துது. ஒங்களுக்குப் பக்கத்துல நின்னு மொதல்ல பாத்த சாவு...” என்று நிறுத்தினாள். வெளியே துணிக்கடைக்காரர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள். அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது போலிருந்தது. பிறகு சொன்னாள்.

“நான் ஞாயித்துக்கெழம ட்யூட்டி கேட்டு வாங்கியிருக்கேன். அடுத்த மாசத்துல இருந்து.”

ரெஜினுக்கு முதலில் புரியவில்லை. “எல்லா ஞாயிறுமா?”

“எல்லா ஞாயிறும்.”

“எதுக்கு?”

“அந்த நாளு வந்தாலே நெஞ்ச அடைக்குது. இங்க எல்லாரும் ஞாயித்துக்கெழம குடும்பமா போறாங்க. நான், இல்லாத ஒரு வீட்டுக்கு மரம் வெட்டிட்டு இருக்கேன். வேலைல இருந்தா அது தெரியாது.”

“நான் மார்ச்சுல மறுபடி எழுதுகேன், லிடியா.”

“எழுதாண்டாம். எழுதுங்கன்னு சொல்லிச் சொல்லி எனக்கு மடுத்துட்டு. நீங்க நர்ஸா வந்தாலும் சரி, வெறும் ரெஜினா வந்தாலும் சரின்னு அண்ணைக்கே சொன்னேன். ஒங்களுக்குத்தான் அது கொறச்சலாப் போச்சு.”

சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். விசா பேப்பரைப் போடு, நான் வருகிறேன், டயப்பர் மாற்றுகிறேன், எது வேண்டுமானாலும் செய்கிறேன். அவனுக்கு அது தெரியும். தொண்டைவரை வந்தும் விட்டது. அப்போது லிடியா மெதுவாகக் கேட்டாள்.

“லோடாயிட்டா?”

“இல்ல.”

“நீங்க அப்பமே வந்துட்டிய, ரெஜின். வாசல்லதான் நிக்கிய. வந்ததுல இருந்து நான் பாத்துட்டுதான் இருக்கேன்.”

ரெஜின் கூசிப்போனான். திரையில் லிடியாவின் உருவம் அடுப்பை விட்டு எழுந்து, வாசல் வரை வந்து, அவனுக்கு எதிரே நின்றது. அவன் பேசட்டும் என்று காத்திருந்தாள். இனி இடையில் வந்து மறிக்க எதுவும் இல்லை. கோடு இல்லை, விக்கல் இல்லை, பழி போட ஒரு ஹார்ட் டிஸ்க்கும் இல்லை. வாயைத் திறந்தான்.

“மரம்... மரம் எடுத்துட்டு வரட்டா?” என்றான்.

லிடியாவின் உருவம் அடுப்புப் பக்கம் திரும்பியது. “எடுத்துட்டு வாங்க,” என்றாள்.

அவன் கோடரியை எடுத்துக்கொண்டு பனியில் இறங்கி நடந்தான். எத்தனை தூரம் போனாலும் எங்குமே திக்கவில்லை.