பேச்சியம்மா எழுப்பிய பெண்

பேச்சியம்மாவுக்கு இரண்டு கெட்ட பழக்கங்கள் உண்டு என்பது ஹுன்னஸ்கிரியப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒன்று, தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி. மற்றது, கையில் கதைப் புத்தகம் கிடைத்துவிட்டால் அடுப்பில் சோறு கரிந்தாலும் தலை நிமிராதது. "எழுத்தைத் தின்னா வயிறு நெறையுமா?" என்று புருஷன் முத்துலிங்கம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், இப்போது சோற்றை அவனே இறக்கி வைத்துவிடுகிறான். நல்ல மனுஷன்.

பத்தாம் வகுப்போடு கொழுந்துக் கூடையைத் தூக்கியவள் அவள். பகல் நிறுவைக்காக மடுவத்துக் கொட்டகையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காத்திருக்கும் அரை மணி நேரம் அவளுடைய ராஜ்ஜியம். மடியிலிருந்து புத்தகத்தை எடுத்துச் சத்தமாகப் படிப்பாள். பத்துப் பதினைந்து பேர் கூடையில் சாய்ந்தபடி கேட்பார்கள். கொழுந்தை நிறுக்கிறவரே சில நாள் தராசை மறந்து நிற்பார்.

லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் கைத்தொலைபேசி வந்துவிட்ட காலம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க அக்குறணையிலிருந்து வரும் ரபீகா டீச்சர் ஒருநாள் ஒரு புத்தகம் கொடுத்தார். "இது பெரிய வகுப்புப் புள்ளைகளுக்கு எழுதின கதை, பேச்சியம்மா. ஆனா எடுத்தா கீழ வைக்க மாட்டீங்க."

டீச்சர் சொன்னது பொய்யில்லை. பதினேழு வயது ஷாமினி நகரத்து விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஒரு சாயங்காலம் அவள் விடுதிக்குத் திரும்பவில்லை. ஆனால் அவளுடைய தொலைபேசியிலிருந்து அம்மாவுக்குத் தினமும் ஒரு செய்தி வருகிறது: 'நல்லா இருக்கேன். வேலை இருக்கு. நாளைக்குப் பேசுறேன்.' அம்மா நம்புகிறாள். அந்தச் செய்தியைத் தட்டுவது யாருடைய விரல் என்பதுதான் கதை.

மடுவம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டது. ஆளுக்கொருவரைச் சந்தேகப்பட்டார்கள். அங்கம்மா மட்டும் யாரையும் சந்தேகப்படவில்லை. வழக்கமாகக் கடைசியில் உட்காருகிறவள், இந்தக் கதை தொடங்கியதிலிருந்து முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டாள். அவளுடைய மகள் நிரோஷினி, பதினெட்டு வயது, தைப்பொங்கல் கழிந்ததும் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனவள். ஐந்து வாரமாக அவள் குரலே கேட்கவில்லை. அவள் தொலைபேசிக்கு எப்போது அழைத்தாலும் அந்த வீட்டு அம்மாதான் எடுப்பார்: "புள்ள நல்லா இருக்கு. இப்ப வேலையா இருக்கு. நாளைக்குப் பேசச் சொல்றேன்."

"அந்தப் புள்ள திரும்பி வருமா பேச்சி?" என்று அங்கம்மா தினமும் கேட்டாள்.

"படிச்சாத்தானே தெரியும் அக்கா," என்பாள் இவள்.

பொறுமை இல்லாத பேச்சியம்மா ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தனியே கடைசிவரை படித்துவிட்டாள். ஷாமினி செத்துப்போகிறாள். அவளைத் தேடிக் கண்டுபிடிக்கும்போது செத்து மூன்று நாளாகியிருந்தது. அந்த மூன்று நாளும் அவளை அடைத்து வைத்திருந்தவன் தட்டிய செய்தி அம்மாவுக்கு வந்துகொண்டுதான் இருந்தது.

பேச்சியம்மா புத்தகத்தைச் சுவரில் விட்டெறிந்தாள். "எழுதின பாவிக்குப் புள்ள குட்டி இல்லையா?" என்று கத்தினாள். முத்துலிங்கம் ஓடி வந்தான்.

"யாரு செத்தா?"

"ஷாமினி."

"எந்த லயம்?"

அன்று அவள் சாப்பிடவில்லை. அங்கம்மாவின் முகம் கண்ணை விட்டுப் போகவில்லை. இதை அந்த மனுஷியின் முன்னால் எந்த வாயால் படிப்பது?

இந்த மலைகளில் பிறந்தவர்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மாசியில் காமன் கூத்து நடக்கும். காமன் எரிந்து சாம்பலாவான், ரதி அழுவாள், எல்லோரும் சேர்ந்து அழுவார்கள். ஆனால் மூன்றாம் நாள் காமனை எழுப்பாமல் ஒருத்தரும் கூத்தை முடிக்க விடமாட்டார்கள். பேச்சியம்மாவின் அப்பா வருஷா வருஷம் ரதி வேஷம் கட்டியவர். செத்தவரை அப்படியே விட்டுவிட்டுக் கதையை முடிப்பது அவள் ரத்தத்திலேயே இல்லை.

திங்கட்கிழமை மடுவத்தில் அவள் கண் புத்தகத்தில் இருந்தது, வாய் வேறு படித்தது. கதவு தட்டப்படுகிறது. அம்மா திறக்கிறாள். பையைத் தோளில் மாட்டியபடி ஷாமினி நிற்கிறாள். "அம்மா, பசிக்குது" என்கிறாள். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். "அதானே பார்த்தேன்," என்றாள் ஒருத்தி. அங்கம்மா அழுதுகொண்டே சிரித்தாள். பேச்சியம்மாவுக்குப் பெருமைதான், ஏன் பொய் சொல்ல வேண்டும்.

அந்தப் பெருமை சாயங்காலம்வரைகூட நிற்கவில்லை. மலையிலிருந்து இறங்கும்போது அங்கம்மா பக்கத்தில் வந்து நடந்தாள்.

"நாளைக்குக் கொழும்புக்குப் போய்ப் பாத்துட்டு வருவோம்னு கங்காணிகிட்ட லீவு கேட்டிருந்தேன் பேச்சி. இனிப் போகல. சொல்லாமக் கொள்ளாமப் போய் நின்னு அந்தம்மா மனசை ஏன் நோகடிக்கணும்? அந்தத் தாய் பொறுத்திருந்தா, புள்ள தானா வந்திருச்சில்ல?"

பேச்சியம்மாவுக்குப் பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதையாகிவிட்டது. ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று, போகக் கிளம்பிய தாயைக் கையைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறாள். உண்மையைச் சொன்னால் இனி மடுவத்தில் யார் அவள் படிப்பதை நம்புவார்கள்? நம்பாமல் போகட்டும் என்று நினைத்தாள்.

"அக்கா, நில்லுங்க. நான் பொய் படிச்சேன்."

வடிகானோரத்துக் கல்லில் அங்கம்மாவை உட்கார வைத்து, மடியிலிருந்த புத்தகத்தை எடுத்து, கடைசி அத்தியாயத்தை ஒரு எழுத்து விடாமல் படித்தாள். அங்கம்மா அழவில்லை.

"செத்து மூணு நாளா?"

"ஆமாக்கா."

"அந்த மூணு நாளும் நல்லா இருக்கேன்னு வந்துச்சா?"

"வந்துச்சுக்கா."

அங்கம்மா எழுந்து சேலையை உதறினாள். பொய் படித்ததற்காக ஒரு வார்த்தை திட்டவில்லை. "காலையில முதல் பஸ்சு. நீயும் வர்றியா?" என்று மட்டும் கேட்டாள்.

இருவரும் கண்டியில் இறங்கிக் கொழும்பு பஸ் பிடித்தார்கள். வருவதாக யாருக்கும் சொல்லவில்லை. பகல் வெயிலில் அந்த வீட்டின் கேட்டைத் தட்டியபோது வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, புள்ள தூங்குது, நாளைக்கு வாங்க என்றார். அங்கம்மா கேட்டுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "புள்ளையப் பாக்காம எந்திரிக்க மாட்டேன்," என்றாள், சத்தம் போடாமல். பேச்சியம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது, பிறகு அடுத்த வீட்டு ஜன்னல். ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டும் திறந்தது.

நிரோஷினி பாதியாக மெலிந்திருந்தாள். இடது கையில் இஸ்திரிப்பெட்டி சுட்ட காயத்துக்குத் துணி கட்டியிருந்தது. தொலைபேசியைப் பிடுங்கி ஐந்து வாரம் என்றாள். வெளியே போக விடவில்லை என்றாள். பஸ்ஸில் அம்மாவின் மடியில் தலை வைத்துப் படுத்தபிறகுதான் கேட்டாள்.

"எப்படிம்மா தெரிஞ்சுச்சு?"

"கதையில கேட்டேன்," என்றாள் அங்கம்மா.

அந்த வெள்ளிக்கிழமை பேச்சியம்மா மடுவத்தில் உண்மையை ஒப்புக்கொண்டு, கடைசி அத்தியாயத்தை உள்ளபடி படித்தாள். வாங்கிக் கட்டிக்கொண்டாள், கொஞ்சமாக அல்ல. அடுத்த திங்கட்கிழமை புத்தகத்துக்குப் புது உறை போட்டு ரபீகா டீச்சரிடம் கொடுக்கப் போனாள்.

"எப்பிடி இருந்திச்சி கதை?" என்று டீச்சர் கேட்டார்.

பேச்சியம்மா உறையைத் தடவிவிட்டுப் புத்தகத்தை நீட்டினாள்.

"எழுதினவங்க மேல இப்பக் கோவமில்ல டீச்சர். உள்ளதைத்தான் எழுதியிருக்காங்க. ஷாமினியோட அம்மா மட்டும் ஒரு பஸ் ஏறியிருக்கலாம்."